பெட்டியில் வராத லாரி

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, சேலம் வட்டாரத்தில் லெகோ கட்டைகளால் வண்டி கட்டும் தம்பி தங்கைகளுக்கு,



2015இல் லெகோ நிறுவனம் மெர்சிடிஸ்-பென்ஸ் அரோக்ஸ் லாரியை 2,793 துண்டுகள் கொண்ட பெட்டியாக வெளியிட்டது. 2018இல் அமெரிக்காவின் மேக் ஆந்தம் வந்தது. அதில் 2,595 துண்டுகள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். வண்டியை உருட்டினால் எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும். அரோக்ஸின் கிரேன் காற்றழுத்தத்தில் சுமை தூக்கும். அருமையான பெட்டிகள், மறுப்பதற்கில்லை. ஆனால் சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நாற்கரச் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அன்றாடம் கண்ணில் படுகிற வண்டி எதுவும் அந்தப் பெட்டிகளில் கிடையாது. பத்துச் சக்கர டாரஸ் கிடையாது. கேஸ் ஏற்றும் புல்லட் டேங்கர் கிடையாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி கிடையாது. முட்டை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரியும் கிடையாது.

அந்த லாரிகளை நீங்கள்தான் கட்ட வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், அளந்து, கணக்குப் போட்டு, சொந்தமாகக் கட்ட வேண்டும். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்காத வசதி ஒன்று உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் கட்ட நினைக்கும் வண்டி, பாதி முடிந்த நிலையில், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிய, உங்கள் ஊர்ச் சாலையோரமே நிற்கிறது. அது இப்படியே நின்றுகொண்டிருக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது என்பதைச் சொல்லவே இந்த மடல்.

லாரிக்குப் பாடி கட்டும் தொழில் நாமக்கல்லில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரை அடுத்து 1980இல் ஓசூரிலும் ஆலை வைத்தது. ஜாம்ஷெட்பூரில் டாடா 1954இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கூட்டோடு லாரி செய்ய ஆரம்பித்தது. நெடுங்காலம் இந்த ஆலைகளிலிருந்து பெரும்பாலும் வெளியே வந்தவை சேசிஸ், எஞ்சின், சக்கரம், முன்முகத் தகடு, அவ்வளவுதான். கூரையும் கதவும் இல்லாத அந்தச் சேசிஸின் மேல் தற்காலிகமாக ஒரு இருக்கையைப் பொருத்தி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலோ மழையோ டிரைவர் ஓட்டிவந்து பட்டறையில் நிறுத்துவார். கேபினும் பாடியும் அங்கேதான் எழும்பும். மரவேலை மேஸ்திரி, வெல்டர், டிங்கர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், குஷன் தைப்பவர் என்று ஆறேழு பேர் கைபட்டால்தான் வண்டி லாரியாகும். 1997 ஜனவரி 1இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே நாமக்கல்லுக்கு லாரி ஊர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கம் இன்றும் நாமக்கல்லில் இருந்துதான் இயங்குகிறது.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932இல் பொம்மை செய்யத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சனும் மரவேலைக்காரர்தான். அவர் முதலில் செய்தவை மரப் பொம்மைகள். பிளாஸ்டிக் கட்டை பின்னால் வந்தது. உள்ளே குழாய் வைத்த இன்றைய கட்டைக்குக் காப்புரிமை கேட்டு 1958 ஜனவரி 28 அன்று விண்ணப்பம் பதிவானது. அப்போது வகுத்த அளவு இன்றுவரை மாறவில்லை. உங்கள் லாரியின் கணக்கு முழுவதும் அந்த அளவின் மேல்தான் நிற்கப் போகிறது.

அந்த அளவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் மேலுள்ள ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. மெல்லிய பிளேட்டின் உயரம் 3.2, மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது மிகச் சரியாக இரண்டு குமிழ் அகலம். லாரியின் பக்கச் சுவரைக் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கும்படி சாய்த்துக் கட்டவேண்டி வரும்போது இந்த ஐந்துக்கு இரண்டு கணக்குதான் கைகொடுக்கும். அது தெரியாமல் கட்டினால் எங்கோ ஒரு மூலையில் அரை மில்லிமீட்டர் இடிக்கும். அதைச் சரிசெய்யப் போய் முழுப் பக்கத்தையும் பிரிக்க நேரும்.

எதில் ஆரம்பிப்பது? டயரில்.

கட்டைகளை எந்த நீளத்துக்கும் அடுக்கிக்கொள்ளலாம். டயரை அப்படி நீட்டவோ குறைக்கவோ முடியாது. கடையில் என்ன அளவில் கிடைக்கிறதோ அதுதான். ஆகவே லாரி எவ்வளவு பெரியது என்பதை டயர்தான் தீர்மானிக்கும். லெகோ டயரின் பக்கவாட்டைப் பாருங்கள், 62.4 × 20 என்பது போல எண் அச்சாகியிருக்கும். விட்டம் 62.4 மில்லிமீட்டர், அகலம் 20 என்று பொருள். பட்டறையில் நிற்கும் லாரியின் டயரிலும் அதே இடத்தில் 10.00-20 என்றோ 295/90 ஆர் 20 என்றோ எழுதியிருக்கும். இரண்டாவது எழுத்தைப் படிப்பது எளிது. டயரின் அகலம் 295 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 90 விழுக்காடு, அதாவது 265.5. மேலும் கீழும் சேர்த்தால் 531. நடுவே இருக்கும் ரிம் 20 அங்குலம், அதாவது 508. மொத்த விட்டம் 1,039 மில்லிமீட்டர். 10.00-20 டயரும் ஏறக்குறைய 1,050 வரும்.

1,050ஐ 62.4 ஆல் வகுத்தால் 16.8. உங்கள் லாரி நிஜத்தில் பதினேழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி எல்லாம் இந்தப் பதினேழுக்குள் அடங்கும். பட்டறையில் பாடியை அடியில்தான் பேசுவார்கள். ஒரு அடி என்பது 304.8 மில்லிமீட்டர், பதினேழால் வகுத்தால் ஏறத்தாழ 17.9, குமிழ்க் கணக்கில் இரண்டே கால். 24 அடி பாடி என்று மேஸ்திரி சொன்னால் உங்கள் நோட்டில் 54 குமிழ். எட்டடி அகலம் என்றால் 18 குமிழ். சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச அகலம் 2.6 மீட்டர், அது 19 குமிழ். 20 குமிழ் வைத்தால் அந்த லாரி நிஜத்தில் சாலைக்கே வர முடியாது. கேபினையும் சேர்த்து வண்டி 30 அடி வந்தால் 67 குமிழ், அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். படிக்கிற மேசையில் தாராளமாக நிற்கும்.

டயர் வாங்கும்போது எண்ணிப் பாருங்கள். பத்துச் சக்கர வண்டி என்றால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு அச்சிலும் இரட்டை டயராக எட்டு, ஸ்டெப்னி ஒன்று, ஆக பதினொன்று. லெகோ டயர் 20 மில்லிமீட்டர் அகலம். நிஜ அளவுக்குப் பதினேழரை இருந்தால் போதும். கொஞ்சம் குண்டுதான். பின்னால் இரட்டையாகப் போடும்போது இடைவெளி விடாமல் ஒட்டிப் போட்டால் அந்தக் கூடுதல் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது சேசிஸ். நிஜ லாரியில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீள இரும்புச் சட்டங்கள் ஓடும். அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். உங்களிடம் இருக்கும் துளையுள்ள டெக்னிக் கட்டைகளில் நீளமானது 16 குமிழ். குமிழில்லாத பீம் என்றால் 15 துளை. 67 குமிழ் நீளத்துக்குக் குறைந்தது ஐந்து துண்டுகள், நான்கு ஒட்டுகள் தேவை. ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் பாடியை ஏற்றியதும் சேசிஸ் நடுவில் தொய்யும். கொத்தனார் செங்கல் வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி வைப்பது போல, ஒரு வரிசையின் ஒட்டு அடுத்த வரிசையின் நடுவில் விழும்படி இரண்டு வரிசையாகக் கட்டுங்கள். இரண்டு டெக்னிக் கட்டைகளுக்கு நடுவில் இரண்டு பிளேட் வைத்தால் மேல்துளைக்கும் கீழ்த்துளைக்கும் இடைவெளி 9.6, 6.4 இரண்டும் சேர்ந்து 16 மில்லிமீட்டர் ஆகும். அந்த இரண்டு துளைகளையும் செங்குத்தாக ஒரு பீம் வைத்துப் பூட்டிவிடலாம். அப்படிப் பூட்டிய சேசிஸை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினாலும் வளையாது.

இன்னொரு சிக்கலும் அங்கேயே வரும். பீமில் நடுத்துளை வேண்டுமானால் நீளம் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டும் டிரைவ் ஷாஃப்டும் நடுவில் ஓடுவதால் சேசிஸை ஒற்றைப்படை அகலத்தில் கட்டுவதுதான் வசதி. மேலே வரும் பாடியோ 18, இரட்டைப்படை. இரண்டும் அரைக் குமிழ் விலகி நிற்கும். நடுவில் ஒரே ஒரு குமிழ் உள்ள 1×2 பிளேட் என்று ஒரு துண்டு இருக்கிறது. அரைக் குமிழ் நகர்த்துவதற்கென்றே உள்ள துண்டு. அதைச் சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் வரிசையாகக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது.

எதை விட்டுவிடுவது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் யூ போல்ட் போட்டு இறுக்கியிருப்பது தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு விரல் கனம்கூட இருக்காது. பதினேழில் ஒரு பங்கில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய லெகோ துண்டு கிடையாது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பிளேட் என்று வைத்தால் ஸ்பிரிங் வண்டியைவிடப் பெரிதாகத் தெரியும். ஆகவே மொத்த அடுக்கையும் மூன்றே பிளேட்டில் காட்டுங்கள். மேலே 1×10, அதன் நடுவில் 1×6, அதற்கும் கீழே 1×4. அந்தப் படிவரிசை ஒன்று போதும். பார்க்கிறவர் கண் மீதிப் பட்டைகளைத் தானே நிரப்பிக்கொள்ளும். மேலே உள்ள பத்துக் குமிழ் பிளேட் நிஜ அளவில் 1.36 மீட்டர். நீங்கள் அளக்கும் வண்டியின் ஸ்பிரிங் அதைவிடக் குட்டையாக இருந்தால் 1×8 போடுங்கள்.

பன்னிரண்டு சக்கர வண்டி கட்ட நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அதில் முன்னால் இரண்டு அச்சு, இரண்டுமே திரும்பும். ஆனால் ஒரே அளவு திரும்பாது. வளைவில் வண்டி ஒரு மையத்தைச் சுற்றி வருகிறது. அந்த மையத்தின் கோடு பின்சக்கரங்களின் பக்கம் இருப்பதால், அதற்கு அருகில் உள்ள இரண்டாவது அச்சு முதல் அச்சைவிடக் குறைவாகத் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் டயர் தேய்ந்து இழுபடும். கட்டையில் இதைச் செய்வது கடினமல்ல. ஸ்டியரிங் இயக்கும் நெம்புகோலில் முதல் அச்சின் கம்பியை வெளித் துளையிலும், இரண்டாவது அச்சின் கம்பியை ஊன்றுபுள்ளிக்கு அருகில் உள்ள துளையிலும் மாட்டுங்கள். உள்துளை குறைவாக நகரும், இரண்டாவது அச்சும் குறைவாகத் திரும்பும். பட்டறையில் நிற்கும் பன்னிரண்டு சக்கர வண்டியின் அடியில் இந்தக் கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்று மெக்கானிக் அண்ணாவிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

எந்த வண்டியைக் கட்டுவது என்பது உங்கள் விருப்பம். முதல் முயற்சிக்குச் சாதாரணச் சரக்கு லாரியே நல்லது. பக்கச் சுவர் நேராக நிற்பதால் கட்டைக்கு இசைவாக இருக்கும். பாடியின் ஒரு மூலையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பலகை, பலகையைப் பிடித்திருக்கும் ஆங்கிள், ஆங்கிளில் வரிசையாகப் போல்ட்டுத் தலைகள், பாடியின் கீழ்விளிம்பில் தார்ப்பாய்க் கயிறு கட்டுவதற்கான கொக்கிகள். பலகைக்கு வழவழப்பான டைல், ஆங்கிளுக்கு வேறு நிறத்தில் குமிழ் வெளியே பார்க்கும் பிளேட், கொக்கிக்குக் கவ்வி வைத்த 1×1 பிளேட். குமிழே போல்ட்டுத் தலையாகிவிடும். கயிற்றுக்கு நிஜ நூலே போதும்.

முட்டை லாரி கட்ட ஆசையா? முட்டை அடுக்கும் அட்டை முப்பது முட்டை கொள்ளும்; ஏறத்தாழ ஓர் அடிச் சதுரம். பதினேழில் ஒரு பங்கில் அது 2×2 பிளேட்டுக்குக் கொஞ்சம்தான் பெரிது. முட்டையோடு அடுக்கும்போது ஒரு அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் உள்ள உயரம் சுமார் ஐந்து சென்டிமீட்டர், அதுவும் ஒரு பிளேட் கனத்துக்கு அருகில் வருகிறது. வெள்ளை 2×2 பிளேட்டுகளை அடுக்கினால் நாமக்கல் முட்டை லோடு தயார்.

கேஸ் டேங்கர் கொஞ்சம் கடினம். உருளை வடிவத்தைச் சதுரக் கட்டையில் கொண்டுவர வேண்டும். நடுவில் ஒரு சட்டகம் கட்டி, அதன் நான்கு பக்கமும் குமிழ் வெளியே பார்க்கும்படி வைத்து, வளைந்த சரிவுத் துண்டுகளைச் சுற்றிலும் போர்த்துவதுதான் வழி. முன்னும் பின்னும் குவிந்த மூடிக்குத் தட்டு போன்ற வட்டத் துண்டுகள் கிடைக்கின்றன. பின்புறம் அபாயப் பலகையில் 1075 என்ற எண்ணை மறக்க வேண்டாம். சமையல் எரிவாயுவுக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் பட்டியலில் உள்ள எண் அது. விபத்து நேர்ந்தால் தீயணைப்புத் துறையினர் முதலில் தேடுவது அதைத்தான்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி கைதேர்ந்தவர்களுக்கானது. ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டியில், போகும்போது படுத்திருக்கும் கோபுரம் வேலையிடத்தில் எழுந்து நிற்க வேண்டும்; ஜாக்கிகள் இறங்கி வண்டியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். லெகோவில் காற்றழுத்தச் சாதனம் 1984இலேயே வந்துவிட்டது. திருகிச் சுற்றினால் நீளும் தண்டு 2008இல் வந்தது. இரண்டில் எதை வைத்தும் கோபுரத்தை எழுப்பலாம். ரிக் தொழில் நடக்கும் ஊரில் பிறந்து அதைக் கட்டாமல் விட்டால் வேறு யார் கட்டுவார்கள்?

நிறத்துக்கு வருவோம். தேசிய பெர்மிட் வண்டிகள் எப்படி இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90ஆம் விதி முன்பு இப்படிச் சொன்னது. உடல் காய்ந்த இலைப் பழுப்பு. சுற்றிலும் 30 சென்டிமீட்டர் அகல வெள்ளைக் கரை. இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் தேசிய பெர்மிட் என்ற எழுத்து. ஆபத்தான சரக்கு ஏற்றும் டேங்கர் என்றால் தொட்டி வெள்ளை, கேபின் ஆரஞ்சு, தொட்டியின் நடுவில் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் பட்டை. இவற்றைப் பதினேழால் வகுத்துப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் கரை இரண்டு குமிழ். 60 சென்டிமீட்டர் வட்டத்துக்கு 4×4 வட்டப் பிளேட் கிட்டத்தட்டச் சரி. 5 சென்டிமீட்டர் பட்டை ஒரு பிளேட்டின் கனம். ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் அதே 5 சென்டிமீட்டர்தான். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பிளேட்டின் விளிம்பை வெளியே காட்டினால் பட்டை வந்துவிடும். சாலையில் போகும் எல்லா வண்டியும் அந்தப் பழைய விதிப்படி இருப்பதில்லை. நீங்கள் அளந்த வண்டி எந்த நிறத்தில் இருந்ததோ அந்த நிறத்தில் கட்டுங்கள்.

நம்பர் பிளேட் மஞ்சள், எழுத்து கறுப்பு. நாமக்கல் என்றால் டி.என். 28, திருச்செங்கோடு 34, சங்ககிரி 52, சேலம் மேற்கு 30. அதற்குப் பின்வரும் எண்களை நீங்களே கற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் வண்டியின் எண்ணை அப்படியே போட வேண்டாம். கேபின் நெற்றியில் எழுதும் சாமி பெயர், பிள்ளைகள் பெயர், பின்கதவுப் பூவேலை இவற்றைச் சிறிய ஸ்டிக்கரில் வரைந்து ஒட்டலாம். லாரிக்குப் பெயர் எழுதும் பெயின்டரிடமே ஒரு மாதிரி வரைந்து வாங்கினால் இன்னும் சிறப்பு.

இவ்வளவுக்கும் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. பெரிய பெட்டிகள் பல குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. ஆனால் வழிகள் உண்டு. முதலில் திரையில் கட்டுங்கள். 1995இல் ஜேம்ஸ் ஜெசிமன் என்ற ஆஸ்திரேலியர் எல்டிரா என்ற மென்பொருளை உருவாக்கினார். லெகோ துண்டுகளைக் கணினியில் அடுக்கிப் பார்க்கும் வழி அதிலிருந்து வளர்ந்தது. இன்று பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. முழு லாரியையும் அதில் கட்டி முடித்து, எந்தத் துண்டு எத்தனை தேவை என்று பட்டியல் எடுத்த பிறகு வாங்கினால் ஒரு துண்டும் வீணாகாது. பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு அங்குள்ள கணினியைப் பயன்படுத்துங்கள்.

லெகோவே வேண்டும் என்பதும் இல்லை. கட்டையின் அடிப்படைக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. எட்டுக் குமிழ்க் கட்டையின் வடிவத்தை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அதே அளவில் வேறு நிறுவனங்களும் கட்டை செய்கின்றன. இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் தர முத்திரை கட்டாயம், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒரு தெருவில் நாலு பேரிடம் கட்டைகள் இருந்தால் ஒன்றாகச் சேர்த்து ஒரு லாரி கட்டலாம். சேசிஸ் ஒருவர், கேபின் ஒருவர், பாடி ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம்; பட்டறையில் நடப்பதும் அதுதான்.

வெளிநாடுகளில் இந்தக் கலை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று பார்க்க விரும்பினால் நெதர்லாந்தின் டென்னிஸ் கிளாஸ்கரும் டென்னிஸ் போஸ்மனும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட 'தி ஆர்ட் ஆஃப் லெகோ ஸ்கேல் மாடலிங்' என்ற புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். நிஜ வண்டியைப் படம் பிடித்ததோ என்று மயங்க வைக்கும் மாதிரிகள் அதில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு உங்கள் கைகள் எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. அவர்கள் தங்கள் ஊர்ச் சாலையில் பார்த்த லாரியைக் கட்டினார்கள். நீங்கள் உங்கள் சாலையில் பார்ப்பதைக் கட்டப் போகிறீர்கள்.

இனி அவசரத்தைப் பற்றி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவித்தது. நாள் முழுவதும் எஞ்சின் சூட்டில் வேகும் டிரைவர்களுக்கு இது பெரிய நிம்மதி; வரவேற்க வேண்டிய விதி. ஆலையிலேயே கேபினோடும் பாடியோடும் வரும் வண்டிகளும் பெருகிவிட்டன. லாரி கேபினும் பாடியும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற தரவிதி வந்துவிட்டது. இவையெல்லாம் பாதுகாப்புக்கு நல்லது. அதே சமயம், பட்டறையில் மரச்சட்டம் நிறுத்தி, தகரம் போர்த்தி, கையால் கட்டிய கேபின்கள் சாலையிலிருந்து விலகிக்கொண்டிருக்கின்றன. பழைய வண்டி உடைப்புக்குப் போனால் அந்தக் கேபினும் கூடவே போய்விடும். அதற்கு வரைபடம் கிடையாது. மேஸ்திரியின் கைக்கணக்கில்தான் இருந்தது. ஒரு பட்டறைக்கும் இன்னொரு பட்டறைக்கும் நெற்றி வளைவு மாறும், ஜன்னல் சாய்வு மாறும், மேல்கேரியர் மாறும். வெளிநாட்டு லாரிகளின் அளவுகள் கம்பெனி ஏடுகளில் பத்திரமாக இருக்கின்றன. நாமக்கல் கேபினின் அளவை யாராவது போய் எடுத்தால்தான் உண்டு.

அதை எடுக்கத் தகுந்தவர்கள் நீங்கள். மாதிரி வண்டி கட்டுகிறவர் அளக்கும் அளவுக்குக் கவனமாக வேறு யாரும் ஒரு வண்டியை அளப்பதில்லை. கதவுக்கைப்பிடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, படி எத்தனை அங்குலம், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் படுக்கைப் பலகை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் கட்டை வைக்கும்போதுதான் தேவைப்படும். அந்த நோட்டே பிற்காலத்தில் ஓர் ஆவணம்.

போகும்போது சில ஒழுங்குகள். வீட்டில் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரோடு போங்கள். பட்டறை முதலாளியிடம் அனுமதி கேளுங்கள். வெல்டிங் நடக்கும் பக்கம் பார்க்கவும் வேண்டாம், போகவும் வேண்டாம். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. வேலை மும்முரமான நேரத்தில் தொந்தரவு செய்யாமல், டீ நேரத்தில் மேஸ்திரியிடம் பேசுங்கள். மரியாதையாகக் கேட்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காத மேஸ்திரி அபூர்வம்.

அளக்க வேண்டியவை இவை: டயரில் எழுதியுள்ள எண், முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை நீளம், சேசிஸ் சட்டத்தின் அகலம், தரையிலிருந்து அதன் உயரம், பாடியின் நீளம், அகலம், உயரம், கேபினின் மூன்று அளவுகளும் கண்ணாடியின் சாய்வும், ஸ்பிரிங்கின் நீளம். முன், பின், இரு பக்கம், நான்கு மூலை என்று எட்டுப் படங்கள் எடுங்கள். மேஸ்திரி என்ன பெயரில் எந்தப் பாகத்தைச் சொல்கிறார் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மரக் கேபினோடு நிற்கும் ஒரு பழைய வண்டியையாவது இந்த ஆண்டுக்குள் அளந்துவிடுங்கள். கட்டி முடித்ததும், முதலில் அந்த மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்த பிறகு உங்கள் பள்ளியில் வையுங்கள். அளவு நோட்டையும் பக்கத்திலேயே வையுங்கள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து அடுத்த லாரியைக் கட்டட்டும்.

மிகுந்த அன்போடும் நம்பிக்கையோடும்,
உங்கள் வட்டாரத்து லாரிகளை நேசிக்கும் ஒருவர்